தறி நிறுத்தம், பதினோராம் நாள்

கூலிப் பேச்சு மறுபடி முறிந்த அன்று
கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல்.
காலியான இருக்கை எனக்குப் பாதி விலைக்கு வந்தது:
மூன்று நாள், இரண்டு ராத்திரி, சாப்பாடு சேர்த்து.
சோமனூரில் விடியுமுன் ஏறி
சேத்துமடைச் சாவடியில் இறங்கி நின்றோம்.
பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள்.
இரண்டு சேலை, ஒரு துண்டு,
அட்டைக்கென்று கட்டிய உப்புப் பொட்டலம்.
இருபத்தெட்டு வருசத் தறிச்சத்தத்தை
யாரும் சோதிக்கவில்லை.

வழிகாட்டி குப்புராஜ், காடர் வீட்டுப் பையன்.
அவன் காக்கிச்சட்டைக்கு
வேறு யாரோ தோள் கொடுத்திருக்கிறார்கள்.
"பேசாம வாங்க. இங்க பாக்கறதவிடக்
கேக்கறதுதான் அதிகம்" என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
தறிக்குடோனில் நாங்கள்
உதட்டைப் பார்த்தே சண்டை போடுகிறவர்கள்.

முதல் நாள்
சீகாரப் பூங்குயில் சீழ்க்கையடிக்கிறது என்று
எல்லோரும் கழுத்தைத் திருப்பினார்கள்.
நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன்.
கடைக்காரர் மருமகள் பிரபாவதியின் வாய்
கொஞ்சம் திறந்திருந்தது.
அந்த அளவுதான் எனக்குக் கிடைத்த பறவை.

ராத்திரி விடுதி வாசலில்
சிள்வண்டு காதைப் பிளக்கிறது என்று
ஜன்னலைச் சாத்தினார்கள்.
"எப்படிங்க தம்பி இருக்கும் அது?"
குப்புராஜ் கொஞ்ச நேரம் யோசித்தான்.
இரும்புக் கம்பியில இன்னொரு கம்பிய
நிறுத்தாம இழுத்தாப்புல, என்றான்,
ஏறாம எறங்காம
ஒரே மட்டமா.

ஒன்பது வருசமாக
என் காதுக்குள் இருப்பது அதேதான்.
கோயமுத்தூர் டாக்டர்
நரம்பு என்றார், மருந்தில்லை என்றார்,
முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் மழைக்காடு.
வெடிப்பலாவின் முள்தோல் வழியெல்லாம் சிதறி
மேலே மந்திகள் தின்றுகொண்டே நகர்ந்தன.
வெயில் அங்கங்கே
பாவில் அறுந்த இழை போலத் தொங்கியது.
கால்விரல் இடுக்கில், முழங்காலில்,
சொல்லக் கூச்சமான இடத்தில் எல்லாம் அட்டை.
புலிக்குத்தான் காசு கட்டினோம் என்று
கடைக்காரர் குரலை உயர்த்தியிருக்க வேண்டும்,
அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.
குப்புராஜ் குனிந்து
அவர் பேரன் காலில் உப்பு வைத்துக்கொண்டிருந்தான்.

அப்போது நெஞ்செலும்பில் ஏதோ ஏறியது.
காதில் இல்லை.
அடுத்த குடோனில் யாரோ மோட்டார் போட்டால்
நம் சுவர் முதலில் அறியுமே, அப்படி.
இந்தக் காட்டில் ஏது குடோன்?
அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.
என் முகத்தைப் பார்த்தான்.
மூக்கைத் தூக்கினான்.
பிறகு உள்ளங்கையைக் கீழே காட்டி
எங்களை ஒவ்வொருவராகப் பின்னால் நகர்த்தினான்,
பாறை வரைக்கும்.

பிரம்புப் புதர் அசைந்தது.
ஈரமான ஒரு முதுகு.
இன்னொன்று.
அவற்றுக்கு நடுவில்
எதையோ மறந்துவிட்டுத் திரும்பி ஓடிய
ஒரு சின்ன வால்.
அவ்வளவுதான், புதர் மூடிக்கொண்டது.
கடைக்காரர் போட்டோ எடுக்கவில்லை.
அவர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எப்படிங்கக்கா தெரிஞ்சுது?"
"எங்கூட்டுப் பக்கத்துல பத்தொம்பது தறி ஓடுதுங்க."
அவன் அதற்குத் தலையாட்டினான்,
புரிந்த மாதிரியும் இல்லை,
புரியாத மாதிரியும் இல்லை.

மூன்றாம் நாள் முழுக்க மழை.
புலி வரவில்லை.
ஆழியாறு தாண்டி
பிரபாவதி என் தோளில் தூங்கிவிட்டாள்.

தறி இன்னும் நிற்கிறது.
பூட்டைத் திறந்து குடோனுக்குள் போய்
விளக்குப் போடாமல் நின்றேன்.
நாடாவெல்லாம் அதனதன் இடத்தில்.
முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த இடம்
அரிக்கிறது, சொரிந்தால் சேலையில் படுகிறது.
காதுக்குள் அந்தக் கம்பி
ஏறாமல் இறங்காமல் இழுபடுகிறது.
ஜன்னலைச் சாத்தப் போன கையை
எடுத்துக்கொண்டேன்.